ஈயம் கலந்த வெள்ளை

கோகிலவாணி இறந்து ஒன்பது மாதமாகியும் அவள் அரைத்த பொடிதான் ஆய்வகத்தில் இருந்ததிலெல்லாம் பிரகாசமாக ஒளிர்ந்தது. புற ஊதா விளக்கைக் காட்டினால் பால் வெள்ளை. ஈயமே சேராத பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளில் எல்.இ.டி. விளக்குக்கு ஏற்ற வெள்ளை. அவள் பெயரில் வந்த ஒரே கட்டுரை அதைப் பற்றியது.

அவள் கணவன் வெங்கடேஷ் அதே செய்முறையில் பதினோரு தடவை செய்துபார்த்தான். பதினொன்றும் மங்கல். வெளியூர் ஆய்வகங்களும் தங்களுக்கு வரவில்லை என்று எழுதின. கடைசியில், மிச்சமிருந்த அவளுடைய ஒரு சிட்டிகைப் பொடியை அமிலத்தில் கரைத்துச் சோதனைக்குக் கொடுத்தான்.

ஈயம் இருந்தது. அந்தப் பிரகாசம் அதனால்தான்.

"கல்வத்துலேர்ந்து வந்திருக்கும்," என்றார் பேராசிரியர் பிரேமலதா. மாட்டுங்காவின் அந்த ஆய்வகத்தில் அரைக்கும் கல்வம் ஒன்றுதான். அடுத்த மேசைக்காரர்கள் ஈயக் கலவை அரைப்பதும் அதில்தான். "அன்னிக்கு யார் கழுவினா?"

"நான்தான் மேடம். அமிலம் ஊத்திக் கழுவணும். டிரெயினைப் பிடிக்கிற அவசரத்துல வெறும் தண்ணியில அலசிட்டேன்."

அவர் மேசை இழுப்பறையைத் திறந்தார். பிறகு கட்டுரையைத் திரும்பப் பெறும் படிவத்தை நீட்டினார். இறந்தவர் சார்பில் குடும்பத்தார் கையெழுத்து வேண்டும். வெங்கடேஷும் அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவன் என்பதால் அவனுடையது செல்லாது.

தாராவியில் மாமனார் வெயிலுமுத்து தாளை இரண்டு கையாலும் வாங்கினார்.

"என்ன மாப்ள, புள்ளைக்கு அவார்டா?"

"இல்ல மாமா. அது தப்புன்னு எழுதிக் குடுக்கணும். அதுல ஈயம் கலந்துட்டு. நான் கல்வத்தச் சரியாக் கழுவல."

ஆங்கில எழுத்துகளுக்கு நடுவே மகள் பெயரைத் தேடிப் பிடித்து அதன்மேல் விரலை வைத்துக்கொண்டார்.

"நீங்க சொல்லலைன்னா ஆருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"பின்ன எதுக்குச் சொல்லுதிய?"

"அத நம்பிப் பத்துப் பேரு செஞ்சுகிட்டு இருக்காவ மாமா."

"பத்துப் பேரு. எனக்கு ஒருத்திதான இருந்தா."

வெங்கடேஷ் பேனாவை எடுத்து நீட்டினான்.

"எங்க போடணும்?"

காட்டினான். ஒவ்வோர் எழுத்தாக அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.

"அவளுக்குன்னு இது ஒண்ணுதான் இருந்துது. அதையும் வாங்கிட்டிய. இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம்."

வெங்கடேஷுக்கு அழுகை வரவில்லை. தாளை மடிக்காமல் பிடித்துக்கொண்டு சந்தில் இறங்கினான். இதழுக்கு அனுப்ப ஸ்கேன் எடுக்கும்போது மடிப்பு தெரியக்கூடாது.