மாதேஸ்வரியின் துருக்கிக் கோபம்

மாதேஸ்வரி முதன்முதலாகத் துருக்கி மொழியில் கோபப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, ராயக்கோட்டையில் அவள் குடியிருந்த வீட்டின் கூரையிலிருந்து சிமெண்ட் சீட் ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்துபோய்த் தக்காளி மண்டியில் இறங்கியது. காற்றே இல்லை. அன்று தக்காளி பெட்டி முந்நூற்றிருபதுக்குப் போனது. யாருக்கும் அடிபடவில்லை. மூட்டை தூக்கும் இரண்டு பேர் சீட்டைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவளுக்கு நாற்பத்தொரு வயது. ஓசூர் சிப்காட்டில் தகட்டில் மின்பெட்டி செய்யும் கம்பெனியில் பதினாறு வருஷமாகத் தரம் பார்க்கும் வேலை. தகடு மடிக்கும் மெஷின் ஒன்று துருக்கியிலிருந்து வந்திறங்கியபோது அதன் திரையில் எல்லாம் அந்த ஊர் பாஷையிலேயே வந்தது. யாராவது ஒருத்தர் கற்றுக்கொண்டால் நல்லது என்று மேனேஜர் சொன்னார். பிள்ளைகள், சமையல் என்று மற்றவர்கள் தலையைக் குனிந்துகொள்ள, இவள் கையைத் தூக்கினாள். வீட்டில் அவளுக்காகக் காத்திருக்க யாரும் இல்லை. கம்பெனி பஸ்ஸில் போகவர இரண்டு மணி நேரம் போனைக் காதில் வைத்துப் படித்தாள். வணக்கம், எண்கள், காய்கறிகள் எல்லாம் முடிந்து முப்பத்தோராவது பாடம் கோபம். அதற்கு மேல் அவள் போகவில்லை. திரும்பத் திரும்ப அதையே கேட்டாள்.

கோபப்பட அவளுக்குக் காரணம் இருந்தது. தம்பி ஸ்ரீராமுக்கு ஏழு வயதாகும்போது அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போய்விட்டார்கள். அவனை அவள்தான் வளர்த்தாள். பெண் கேட்டு வந்தவர்களிடம் தம்பி படிப்பு முடியட்டும் என்றாள். முடிந்தபோது யாரும் வரவில்லை. அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, கிருஷ்ணகிரி மண்டபத்தில் கல்யாணமும் நடந்தது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த பெண்வீட்டு அம்மாள் கேட்டாள்: "நீங்க தூரத்துச் சொந்தம்னு மாப்பிள்ளை சொன்னாரு. எந்த ஊருங்க?"

"ராயக்கோட்டைங்க" என்றாள் மாதேஸ்வரி. சாப்பிட்டு முடித்து, இலையை மூடி, பஸ் ஏறினாள்.

இரண்டு வருஷமாக அந்தக் கோபம் வெளியே வரவில்லை. தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அவளுக்குத் தெரிந்த ஒவ்வொரு வசவும் என்றைக்கோ சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவன் பின்னால் ஓடியபோது சொன்னது. எதை எடுத்தாலும் கொஞ்சலாகவே வாயில் வந்தது. துருக்கிச் சொற்களில் அவன் இல்லை.

"தெபெம் அத்து" என்றால் என் உச்சி பறந்துவிட்டது என்று அர்த்தம். அதைச் சொன்ன அன்றுதான் சீட் பறந்தது. "புர்னும்தன் சொலுயோரும்", மூக்கால் மூச்சுவிடுகிறேன். அதைச் சொன்னபோது சுவரிலிருந்த காலண்டர் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை தானே புரண்டது. "க்யூப்லெரெ பிந்திம்", பெரிய ஜாடிகள்மேல் ஏறிவிட்டேன். அவளிடம் ஜாடி கிடையாது. வாசலிலிருந்த நீல டிரம்மின் மூடிமேல் உட்கார்ந்து சொன்னாள். டிரம் முருங்கை மர உயரத்துக்கு எழும்பி நின்றது. அங்கிருந்து மலைக்கோட்டையும் ரயில் பாதையும் தெரிந்தன. பார்த்ததைச் சொல்ல ஆள் இல்லாததால் இறங்கி வந்து அரிசி களைந்தாள். பக்கத்து வீட்டு நஞ்சம்மா மட்டும், "தண்ணி விடற அன்னிக்கு ஏறாதம்மா, டிரம் வேணுமில்ல" என்று கன்னடத்தில் சொன்னாள்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு மதியம் ஸ்ரீராம் வந்தான். கூட ஏழு மாதக் கர்ப்பிணியாக அவன் மனைவி சுவாதி. அவன் சுற்றி வளைக்கவில்லை. "அக்கா, குழந்தை பொறந்ததும் ஒரு ஆறு மாசம் எங்க வீட்ல வந்து இரு. வெளியாளை நம்பி விட முடியல. யாராச்சும் கேட்டா தூரத்துச் சொந்தம்னே சொல்லிக்கலாம்."

மாதேஸ்வரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். வாசலுக்குப் போய் டிரம்மில் உட்கார்ந்து மூன்றாவது வாக்கியத்தைச் சொன்னாள். எழும்பினாள்.

"அக்கா, இறங்கு! என்ன பாஷைக்கா இது? புரியற மாதிரி சொல்லு."

யாருக்கும் புரியாது என்றுதான் இத்தனை நாள் அந்த வார்த்தைகளை வைத்திருந்தாள். இப்போது அவனுக்குப் புரியவில்லை என்பதே அவளுக்குத் தாங்கவில்லை.

"எனக்கு உம்மேல கோவம்டா" என்றாள் தமிழில். "ரெண்டு வருசமா கோவம். நான் யாருடா உனக்கு?"

ஸ்ரீராம் சுவாதியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "இவங்க எங்கக்கா" என்றான். "கூடப் பொறந்தவ. என்னை வளத்தவ."

"பெரியப்பா வளத்தாருன்னீங்களே?" என்றாள் சுவாதி.

"பொய். அப்பா அம்மா இல்ல, அக்கா கம்பெனிக்குப் போயி வளத்தான்னு சொன்னா பொண்ணு தரமாட்டாங்கன்னு நெனச்சேன்."

டிரம் இப்போது இறங்கும் என்று அவன் நினைத்தான், அவளும் நினைத்தாள். அது இன்னும் ஒரு முழம் மேலே போனது. அவள் மூடியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, பதினேழு வயது வரை தலை வாரிவிட்ட அவன் உச்சியை மேலிருந்து பார்த்து அழுதாள். அவன் வெயிலில் நின்றான். சுவாதி உள்ளே போய், எது எங்கே இருக்கிறது என்று நஞ்சம்மாவைக் கேட்டு சோறும் ரசமும் வைத்தாள். நாலரைக்கு டிரம் தானாக இறங்கியது. மூன்று பேரும் சாப்பிட்டார்கள்.

மாதேஸ்வரி பெங்களூர் போகவில்லை, லீவு இல்லை என்று சொல்லிவிட்டாள். அக்டோபரில் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கிற அன்று ஸ்ரீராம் அவளைப் பெண்வீட்டார் ஒவ்வொருவரிடமும் கூட்டிக்கொண்டுபோய் "எங்கக்கா" என்றான். அவள் எல்லாரையும் கும்பிட்டுவிட்டு சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பினாள். கோபம் குறைந்திருந்தது, தீரவில்லை. சில ஞாயிறுகளில் இப்போதும் ஏறுகிறாள், யாரும் கீழே நிற்பதில்லை. போன மாதம் லைன்மேன் அற்புதராஜ் வந்து, "எவ்ளோ உசரம் போவீங்க மேடம்?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார். அந்தத் தெருவில் மின்கம்பி இப்போது அவள் வாசலுக்கு மேலே மட்டும் நாலடி உயர்ந்து போகிறது.