பதினேழில் ஒன்று குறைவு

உதயகுமாருக்கு ஒன்றும் தெரியாது என்பதைக் கண்டுபிடிக்க எவாஞ்சலினுக்கு மூன்று நாள் போதுமானதாக இருந்தது. அது வேறு யாருக்கும் தெரியவில்லையே என்பதைப் பொறுத்துக்கொள்ளத்தான் பதினோரு மாதம் ஆகியும் பழகவில்லை.

அம்பத்தூர் எஸ்டேட்டில், ஒரு பவுடர் கோட்டிங் பட்டறைக்கும் ஒரு பிரஸ் ஷாப்புக்கும் நடுவில் இருந்தது அந்தக் கம்பெனி. பம்பின் இரும்புக் கூட்டில் கசிவு இருக்கிறதா என்று காற்றை ஏற்றிச் சோதிக்கும் மெஷின் செய்வார்கள். முதலாளி பரந்தாமன் கள்ளிக்குப்பத்துப் பழைய விவசாயக் குடும்பம். ஏர் போய், லேத் வந்து, லேத்திலிருந்து இந்த மெஷினுக்கு வந்தவர். இரும்பைப் பற்றி அவரிடம் யாரும் கதை அளக்க முடியாது. மெஷினுக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டரைப் பற்றி யார் வேண்டுமானாலும் அளக்கலாம். சாஃப்ட்வேர் மேனேஜர் உதயகுமார் ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துவந்தார்.

அந்தக் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ். அதிலும் எல்லோரும் போடுகிற ரகம் இல்லை. ஒவ்வொரு புரோகிராமையும் அதன் மூல நிரலாகவே இறக்கி, தன் மெஷினுக்கு ஏற்றபடி அங்கேயே கட்டிக்கொள்ளும் ரகம். "ஊரே ரெடிமேட் சட்டை போடுது, நாம அளவெடுத்துத் தச்சுப் போடறோம்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார் உதயகுமார். கட்டும்போது கறுப்புத் திரையில் எழுத்துகள் சரசரவென்று ஓடும். அதற்காகவே அவருக்கு அந்த லினக்ஸ் பிடித்திருந்தது. தானே அத்தனையையும் தட்டிக்கொண்டிருப்பதுபோல் திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எவாஞ்சலின் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

மார்ச் மாதம் சென்னீர்குப்பத்துப் பம்பு கம்பெனி ஒன்றிலிருந்து புகார் வந்தது. ஓட்டைக் கூட்டையெல்லாம் உங்கள் மெஷின் நல்ல கூடு என்று சொல்லி அனுப்புகிறது என்றார்கள். உதயகுமார் எர்த்திங் சரியில்லை என்றார், பிறகு ஸ்டெபிலைசர் என்றார், பிறகு ஆபரேட்டருக்குப் படிப்பில்லை என்றார். அவருக்குக் கீழே ஒப்பந்தத்தில் வேலை பார்த்த எவாஞ்சலின், தான் குடியிருந்த பருத்திப்பட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தக் கம்பெனிக்கே போய் நான்கு நாள் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பெரிய மோட்டார் ஒன்று ஓடத் தொடங்கும்போதெல்லாம் கரன்ட் ஒரு நொடி தாழ்ந்தது. அழுத்த மீட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையில் இணைப்பு அறுந்தது. மீட்டரைப் படிக்கிற புரோகிராமோ அதைக் கவனிக்காமல், கடைசியாக வந்த எண்ணையே காட்டிக்கொண்டிருந்தது. காற்றெல்லாம் வெளியே போனாலும் திரையில் அழுத்தம் அப்படியே நிற்கும்.

அந்தப் புரோகிராமை எழுதியவர்கள் எங்கோ வெளிநாட்டில் இருந்தார்கள். எவாஞ்சலின் அவர்களுக்கு எழுதிப் பார்த்தாள், பதில் இல்லை. ஆகவே தானே ஒரு பேட்ச் எழுதினாள். டியூபுக்குப் போடுகிற பஞ்சர் ஒட்டு மாதிரிதான் அது. மூல நிரலில் இன்ன இடத்தில் இந்த வரிகளைச் சேர் என்று சொல்லும் ஒரு சின்னக் கோப்பு. அதற்கென்று இருக்கிற ஃபோல்டரில் போட்டுவிட்டால் போதும். புரோகிராமைக் கட்டும்போதெல்லாம் லினக்ஸ் தானாகவே அதை எடுத்து ஒட்டிவிட்டுக் கட்டும். சேர்த்தது பதினோரு வரிதான். அதில் ஒன்று, படிக்கிறவருக்காக அவள் எழுதிய குறிப்பு: "எவாஞ்சலின்: புதிய அளவு வராவிட்டால் பழையதை நம்பாதே." கோப்பின் தலைப்பிலும் எழுதியவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

அதன் பிறகு ஓட்டைக் கூடுகளெல்லாம் மெஷினில் பிடிபட்டன. பரந்தாமன் பூரித்துப்போனார். பதினைந்து நாள் கழித்து எவாஞ்சலினைக் கூப்பிட்டு, வேலை பழக இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்காது என்றார்.

"உதயகுமார் இன்னா மூளக்காரன் பாத்தியாம்மா. நாலே நாளு, கண்டுபுட்ச்சிட்டான். அவங்கிட்ட கத்துக்கோ. இந்த மாசத்தோட உன் கான்ட்ராக்ட்டு முடியுதில்ல? ஒரு ஆளுதான் பர்மனன்ட் பண்ண முடியும்னு அவன் சொல்லிகினு கீறான், அவன் மச்சினன் பையன் ஒருத்தன் கீறானாம்."

பேட்ச் தன்னுடையது என்று அவள் சொல்லியிருக்கலாம். ஒன்பது வருட மேனேஜர் சொல்வதை விட்டுவிட்டு ஒப்பந்தக்காரி சொல்வதை யார் கேட்பார்கள் என்று நினைத்தாள். அதைவிட, தான் போய் "நான்தான், நான்தான்" என்று நிற்பதும் அந்த மனுஷனைப்போலவே ஆகிவிடுமே என்று அருவருப்பாக இருந்தது. பேட்சில் பேர் இருக்கிறது, யாராவது ஒருநாள் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டாள். வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்ற பயம் மட்டும் ராத்திரி பகலாக அவளை விடவில்லை.

பார்க்க ஆள் வந்தது அந்த மாதக் கடைசி வியாழக்கிழமை. சென்னீர்குப்பத்துக் கம்பெனியின் தர அதிகாரி சித்ரா. இருபது மெஷின் எடுப்பதாக இருந்தார்கள், ஆனால் அவர் முந்தின நாளே ஒரு நிபந்தனை சொல்லி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே ஓடுகிற மெஷினைக் காட்டினால் போதாது, ஒரு புது மெஷினில் என் கண் முன்னால் அந்தப் புரோகிராமைக் கட்டுங்கள், அந்தப் பேட்சையும் நான் திறந்து பார்க்க வேண்டும் என்றார். உதயகுமாருக்கு வாயெல்லாம் பல். எழுத்து ஓடுவதைக் காட்ட இதைவிட நல்ல நாள் ஏது? பரந்தாமன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நின்றார். எவாஞ்சலினை டீ சொல்ல அனுப்பினார்கள். அவள் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து கதவோரம் நின்றாள்.

எழுத்துகள் ஓடின. உதயகுமார் கையைக் கட்டினார். அரை நிமிடத்தில் எல்லாம் நின்று, சிவப்பில் நான்கு வரி வந்தது. "நெட்டு ஸ்லோ மேடம்" என்றார் உதயகுமார். இறக்கி முடித்த பிறகுதானே நின்றது என்று சித்ரா கேட்டார். நிரலைக் கட்டித் தருகிற கம்பைலர் புது வெர்ஷன், அதுதான் தகராறு என்றார் உதயகுமார். இன்னொரு தடவை ஓட்டினார். அதே இடத்தில் நின்றது. மூன்றாவது தடவைக்கு முன்னால் அந்த மனுஷன் செய்த காரியத்தைத்தான் எவாஞ்சலினால் நம்பவே முடியவில்லை. சித்ரா டீயை வாங்கத் திரும்பிய நேரத்தில் பேட்ச் கோப்பை ஃபோல்டரிலிருந்து எடுத்து வெளியே போட்டுவிட்டு ஓட்டினார். ஒட்டு இல்லாத டியூபுக்குக் காற்றடிக்கிற வேலை. புரோகிராம் நன்றாகவே கட்டி முடிந்தது.

"பாத்தீங்களா மேடம், கொஞ்சம் பொறுமை வேணும்."

சித்ரா ஒரு கூட்டை மாட்டி, காற்றை ஏற்றி, பக்கத்துப் பட்டறையில் பெரிய பிரஸ்ஸை ஓட்டச் சொல்லி ஆளனுப்பினார். விளக்கு ஒரு கணம் மங்கியது. சித்ரா வால்வைத் திறந்துவிட்டார். காற்று புஸ்ஸென்று வெளியேறுவது அறை முழுக்கக் கேட்டது. திரையில் அழுத்தம் கொஞ்சமும் குறையாமல் நின்றது. கீழே பச்சையில் "நல்ல கூடு" என்று வந்தது.

பரந்தாமன் திரையைப் பார்த்தார், வால்வைப் பார்த்தார், பிறகு உதயகுமாரைப் பார்த்தார். உதயகுமார் மீட்டரின் வயரை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பது வருடமாக அவர் செய்த ஒரே நேர்மையான வேலை வயரை ஆட்டியதுதான் என்று எவாஞ்சலினுக்குத் தோன்றியது.

"பேட்ச் ஃபோல்டர்ல இல்ல சார். எடுத்து வெளிய வச்சிருக்கார்" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

பரந்தாமன் நாற்காலியைக் காட்டினார். அவள் உட்கார்ந்து முதலில் அந்தச் சிவப்பு வரிகளைத் தேடி எடுத்துப் படித்தாள். பேட்ச் உருக்குலைந்திருக்கிறது என்று சொல்லி வரி எண்ணையும் அவை கொடுத்திருந்தன. சித்ரா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். எவாஞ்சலின் கோப்பைத் திறந்தாள்.

தலைப்பில் எழுதியவர்: உதயகுமார் என்றிருந்தது.

அது அவளுக்கு ஆச்சரியமாக இல்லை. கண்ணைக் கீழே ஓட்டினாள். பேட்சில் ஒவ்வொரு துண்டின் மேலேயும் ஒரு கணக்கு இருக்கும். இந்த இடத்தில் முன்பு ஆறு வரி, இனிப் பதினேழு வரி என்று. கணக்கும் வரிகளும் ஒத்துப்போகாவிட்டால் லினக்ஸ் ஒட்ட மறுத்துவிடும். கணக்கில் பதினேழு அப்படியே இருந்தது. கீழே எண்ணினாள், பதினாறுதான் இருந்தது. எது இல்லை என்று தேட வேண்டியே இருக்கவில்லை.

அப்போதுதான் அவளுக்கு முழுதாகப் புரிந்தது. நேற்று, சித்ரா கோப்பைப் பார்ப்பார் என்று தெரிந்ததும் உட்கார்ந்து அவள் பெயரைத் துடைத்திருக்கிறார். தலைப்பில் மாற்றினால் எந்த லினக்ஸும் கவலைப்படாது. உள்ளே இருந்த குறிப்பிலும் அவள் பெயரை அழித்துத் தன் பெயரைப் போட்டிருந்தால் சத்தமில்லாமல் ஒட்டிக்கொண்டு போயிருக்கும், இந்நேரம் இருபது மெஷினுக்கு ஆர்டரும் மச்சினன் பையனுக்கு வேலையும் ஆகியிருக்கும். இரண்டு இடத்தில் தன் பேரைப் போடக் கூச்சமாக இருந்ததோ என்னவோ, வரியையே எடுத்துவிட்டார். ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்த கூச்சம், அதுவும் தவறான வரியில் வந்து தொலைத்தது. திருடக்கூடத் துப்பில்லாத ஆளுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரமாக வந்தது.

"ஒரு வரி குறையுது இல்ல?" என்றார் சித்ரா. அவரும் எண்ணியிருந்தார். "என்ன வரி அது?"

"என் பேர் மேடம்."

எவாஞ்சலின் அந்த வரியைத் திரும்ப அடித்தாள். எவாஞ்சலின்: புதிய அளவு வராவிட்டால் பழையதை நம்பாதே. கோப்பை ஃபோல்டரில் போட்டு ஓட்டினாள். எழுத்துகள் ஓடி முடிந்தன. பிரஸ்ஸை ஓட்டச் சொன்னார்கள், விளக்கு மங்கியது, வால்வைத் திறந்ததும் அழுத்தம் சரசரவென்று இறங்கித் திரை சிவந்தது.

பரந்தாமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் வெளியாள் முன்னால் மேனேஜரின் மானத்தை வாங்க மனம் வரவில்லை. நாலு வீட்டுப் பங்காளிச் சண்டையைப் பார்த்தவர், நடுவாக ஒன்றைச் சொன்னார்.

"சரி, வுடும்மா. அவனும் டிபார்ட்மென்ட்டு, நீயும் டிபார்ட்மென்ட்டு. உன் பேருக்குக் கீய அவன் பேரையும் ஒரு வரி போட்டுடு. ரெண்டு பேரும் சேந்து பண்ணதா இருக்கட்டும்."

உதயகுமாருக்குப் போன உயிர் வந்தது. மேனேஜர் சிரிப்பு மெல்லத் திரும்பி உதட்டில் ஏறியது. எவாஞ்சலின் அந்தச் சிரிப்பை ஒரு நிமிடம் நன்றாகப் பார்த்தாள். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாக்கடையோரம் நடக்கும்போது புடவையைத் தூக்கிக்கொள்வோமே, அவ்வளவுதான் இருந்தது.

"இன்னொரு வரி போட்டா மறுபடி நின்னுடும் சார்" என்றாள். "பதினேழுக்கு மேல ஏத்துக்காது. சாரையே கேளுங்க, அவர் எழுதின பேட்ச்தானே."

பரந்தாமன் திரும்பினார். "இன்னாப்பா, நின்னுடுமா?"

உதயகுமார் திரையை ஒரு தடவை பார்த்தார். தாடையைத் தடவினார். "ஆமா சார். பதினேழுதான் லிமிட். அதுக்கு மேல இந்த லினக்ஸ் ஏத்துக்காது."

சித்ரா குனிந்து தன் பைக்குள் பேனாவைத் தேடினார். நிமிர்ந்தபோது சிரிப்பை அடக்கி முகத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"அப்படி லிமிட் எதுவும் இல்ல சார்" என்றார் பரந்தாமனிடம். "மேல பதினேழுன்னு இருக்கு பாருங்க, அதைப் பதினெட்டுன்னு மாத்தினா போதும். இதை எழுதினவங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

பரந்தாமன் கொஞ்ச நேரம் அந்தப் பதினேழையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எவாஞ்சலின் பக்கம் திரும்பினார்.

"உனுக்குத் தெரியுமாம்மா அது?"

"தெரியும் சார்."

"அப்பறம் இன்னாத்துக்கு நின்னுடும்னு சொன்ன?"

"சாருக்குத் தெரியுதான்னு நீங்களே பாக்கணும்னுதான்."

பரந்தாமன் உதயகுமாரிடம், மேடத்துக்கு இன்னொரு டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார். உதயகுமார் நின்று பார்த்தார், யாரும் அவரைப் பார்க்கவில்லை, போனார். எவாஞ்சலினுக்கு நாற்காலியிலிருந்து எழ வேண்டும் என்றே தோன்றவில்லை.