அம்மா நின்ற தூரம்

அப்பா போய் மூன்று வாரம் ஆகியும் சின்னவனுக்கு அழுகை வரவில்லை. வேலைக்குப் போனான், வந்தான், தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டான். யாராவது தோளைத் தொட்டால் "ம்" என்றான். சுவரில் மாட்ட ஒரு நல்ல படம் வேண்டும் என்று அக்கா நச்சரித்ததால்தான், கேமராவுக்குள் பாதியில் நின்றிருந்த ஃபிலிமை எடுத்துக் கழுவினான்.

அதில் கடைசிப் படம் பால்கனியில் எடுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த மறுநாள். இனி சில மாதம்தான் என்று டாக்டர் சொன்னது அவனுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். அம்மா தாங்கமாட்டாள் என்று இருவரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று நல்ல வெயில். லென்ஸ் திறப்பின் அளவை, அப்பர்ச்சரை, பதினொன்றில் வைத்து, அப்பாவின் கண்ணில் ஃபோகஸ் செய்தான். பின்னால் கதவோரம் துணி கிளிப்புகளோடு நின்ற அம்மா, கேமராவில் கண்ணை வைத்துப் பார்த்தபோது வெறும் புகைமூட்டமாகத் தெரிந்தாள். படத்திலும் அப்படியே கரைந்துவிடுவாள் என்று எடுத்துவிட்டான்.

அது பழைய கேமரா. பார்க்கும்போது லென்ஸ் முழுக்கத் திறந்திருக்கும். பட்டனை அழுத்தும்போதுதான் வைத்த எண்ணுக்குச் சுருங்கும். சுருங்கினால் முன்னும் பின்னும் கூடுதல் தூரம் தெளிவாக விழும். எவ்வளவு தூரம் என்று லென்ஸ் வளையத்திலேயே கோடு போட்டிருக்கும். அப்பா இருந்தது மூன்று மீட்டரில். பதினொன்றுக்கான கோடுகள் இரண்டிலிருந்து கிட்டத்தட்ட ஐந்து வரை போகும். அம்மா நின்றது நாலரை இருக்கும். குனிந்து ஒரு பார்வை பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

பிரிண்ட் தண்ணீர்த் தட்டில் மிதந்தது. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பின்னால் அம்மா, மயிரிழை பிசகாத தெளிவில், அப்பாவின் பிடரியைப் பார்த்தபடி. வாய் கோணி, ஒரு கிளிப்பைக் கடித்திருந்தாள். எதுவும் தெரியாதவளின் முகம் அல்ல அது.

ஈரம் காயாமல் கொண்டுபோய் நீட்டினான். அம்மா அப்பாவின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பவே தெரியுமாம்மா?"

"பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா? மூச்சு விடுறதே மாறிப்போச்சே."

"ஏன் சொல்லல?"

"நீயும் அக்காவும் கண்ணால ஜாடை காட்டிக்கிட்டு அலைஞ்சீங்க. பாவமா இருந்துச்சு. சரி, மறைச்ச திருப்தியாவது இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அப்பாவுக்கு?"

"அவருக்கு நான்தான் சொன்னேன்."

ஏதாவது பொங்கி வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. காதில் பஞ்சு அடைத்த மாதிரி மட்டும் இருந்தது.

அம்மா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "இவரு நல்லா விழுந்திருக்காரு. என்னைக் கத்தரிச்சிரு. மூஞ்சியப் பாரு, விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி."

"சரிம்மா."

அப்பாவை மட்டும் வைத்து இன்னொரு பிரிண்ட் போட்டான். அக்காவுக்குப் பிடித்துப்போய் ஹாலில் மாட்டினாள். முழுப் படத்தை அவன் கிழிக்கவுமில்லை, எடுத்து வைக்கவுமில்லை. மேசை மேல் காய்ந்து சுருண்டு கிடந்தது. யாரோ அதன் மேல் சாவிக்கொத்தை வைத்திருந்தார்கள்.