அரைக் காது

"காதை எதுக்குங்க சரி பண்ணுனீங்க?" என்றாள் கலைமணி.

ஆட்டையாம்பட்டி பிளெக்ஸ் கடையில் குணசீலன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். திரையில், காலையில் இறந்துபோன அவள் அப்பா சின்னுசாமி இரண்டு முழுக் காதுகளோடு உட்கார்ந்திருந்தார். வலது காதை நகலெடுத்துத் திருப்பி இடப்பக்கம் ஒட்டியிருந்தான்.

"உங்க தம்பிதானுங்க சொன்னாரு. நல்லாத்தான இருக்குது?"

"நல்லாத்தான் இருக்குது. எங்கப்பாவாட்டம் இல்லை."

பதினோரு வயதில் விசைத்தறி பெல்ட் தின்ற காது. அதற்கப்புறம் எந்தப் போட்டோவிலும் சின்னுசாமி ஒருபக்கமாகத்தான் நிற்பார். மகள் கல்யாண ஆல்பத்தில்கூட, பந்தியில் யாரையோ தேடுகிறவர் போல. தறி மிஷின் பார்க்கச் சீனா போனவர், பழைய அரண்மனை முறையில் படம் வரையும் ஓவியர் ஒருவரிடம் மாட்டிக்கொண்டார். பேரரசர்களை வரைந்த முறை: நேர்முகம், முகத்தில் நிழல் கூடாது, இரண்டு காதும் தெரிய வேண்டும். "அரைக் காதுக்கு எவ்வளவு தள்ளுபடி?" என்று கேட்டிருக்கிறார். ஓவியர் சிரிக்கவில்லையாம். ஒரு முடி பிசகினாலும் பிள்ளைகள் கும்பிடுவது வேறு ஆளை என்றாராம்.

ஊர் திரும்பியதும், அரைக் காது அப்படியே தெரிந்த அந்தப் படத்தை மகளிடம் கொடுத்தார். "நான் செத்தா இதைத்தான் வெக்கோணும், சாமி." அந்தப் படத்தில்தான் குணசீலன் இப்போது கை வைத்திருந்தான்.

போனில் தம்பி தனசேகர் வந்தான். "சம்பந்தி ஊட்டுக்காரங்க வாராங்கக்கா. செத்தும் காதறையன்னு பேர் வாங்கோணுமா?"

"வாங்குனவரே பேசாம படுத்திருக்காரு. உனக்கென்னடா?"

"மூணு மணிக்கு எடுக்கோணும். சரி பண்ணுனதையே அடிக்கச் சொல்லு."

கலைமணி வாதாடவில்லை. திரையைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பினாள். "அம்மாகிட்டக் காட்டு. நீ ஒண்ணும் சொல்லாத."

மறுமுனையில் அழுகுரல்கள் நெருங்கின. பிறகு, அழுதழுது கம்மிப்போன அம்மாவின் குரல்: "ஆரு சாமி இது? உங்கப்பனோட பங்காளியா?"

குணசீலன் மேசை விளிம்பைச் சுரண்டினான்.

"பழசையே போடச் சொல்லுக்கா," என்றான் தனசேகர்.

இரண்டரைக்குப் பந்தல்காலில் பிளெக்ஸைக் கட்டினார்கள். சம்பந்தி கொண்டுவந்த ரோஜா மாலையைத் தனசேகர்தான் வாங்கி, நாற்காலியில் ஏறிப் படத்துக்குப் போட்டான். மாலை சரிந்து இடது காதை மறைத்தது.

இறங்கி இரண்டடி நடந்தவன், திரும்பி வந்து மறுபடி நாற்காலியில் ஏறினான்.