நட்சத்திரம் போட்ட மருமகள்

போலந்தின் கிராக்கோ நகரில், பழஞ்சொல் அகராதி அலுவலகம் ஒன்றில் ஒரு வழக்கம். யாரும் எழுத்தில் பார்க்காத, காதாலும் கேட்காத, ஊகித்துக் கண்டுபிடித்த ஆதிச் சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் போடுவார்கள். அகராதி ஆசிரியர் போகுமிலா அம்மாள் இந்த வருஷம் மல்லுக்கட்டியது ‘ஸ்னுகா’வோடு. ரஷ்யர், பல்கேரியர், போலந்துக்காரர் எல்லாருக்கும் மூதாதையரான ஆதி ஸ்லாவ் மக்கள் மருமகளை அப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும். ஸ்னுகா, ஸ்னுகீ, ஸ்னுகோ என்று வேற்றுமைகளெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ரஷ்யாவிலும் பல்கேரியாவிலும் அதன் வாரிசுகள் சௌக்கியமாக இருக்கின்றன. போலந்தில்தான், பாவம், வம்சம் அற்றுப்போயிற்று.

“உங்க வீட்லயும் அதே கதிதானே அம்மணி? மருமக இடத்துல வெறும் நட்சத்திரம்!” என்று சீண்டுவார் சக ஆசிரியர் கசிமிர்.

“உம்ம வாயில தீயை வைக்க!”

கடைசியில் மகன் வித்தோல்ட், வேலை பார்க்கும் சோபியா நகரில் பல்கேரியப் பெண் ரயினாவைக் கட்டிக்கொண்டான். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை கூட்டி வருகிறான். “அவளுக்கு நம்ம வீடு ஒட்டிச்சுன்னா இங்கயே இருந்துடறோம்மா. இல்லேன்னா சோபியாதான்” என்று போனில் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து போகுமிலாவுக்கு ஒரே யோசனை, மருமகளை எந்த மொழியில் வரவேற்பது என்று.

பல்கேரிய மொழி அவளுக்குத் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய, இன்றைக்கு மாதா கோயில் ஜெபத்தில் மட்டும் ஒலிக்கிற அதன் பழைய நடை. அதிலேயே ஒரு வரவேற்புரை தயாரித்து, வாசலில் கணீரென்று சொன்னாள். ரயினா பயபக்தியோடு தலைகுனிந்து, சிலுவை போட்டு, “ஆமென்” என்றாள்.

“அம்மா! நீ ஜெபம் பண்றேன்னு நெனச்சுட்டா!” வித்தோல்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

போகுமிலாவின் முகம் செத்துவிட்டது.

அந்த ஊர் வழக்கப்படி வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்ததும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பீட்ரூட் சூப்பை ஊற்றப்போனவளுக்குத் திக்கென்றது. அடக் கடவுளே! பழக்க தோஷத்தில் தனக்கும் மகனுக்கும் வருஷாவருஷம் வரும் கசிமிருக்கும் தட்டு வைத்திருக்கிறாள். அப்புறம், எதிர்பாராமல் வரும் வழிப்போக்கனுக்கென்று அன்றைக்கு எல்லார் வீட்டிலும் வைக்கிற காலித் தட்டு. ரயினாவுக்குத் தட்டே இல்லை. அந்தப் பெண் வழிப்போக்கனின் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

வித்தோல்ட் அவள் காதில் விஷயத்தைச் சொன்னான். ரயினா சட்டென்று எழுந்து உள்ளே போனாள். போச்சு, பெட்டியைத் தூக்கத்தான் போகிறாள் என்று போகுமிலா கரண்டியைக் கீழே வைத்தாள்.

சமையலறையில் அலமாரி திறக்கும் சத்தம். ரயினா ஒரு தட்டோடு திரும்பி வந்து, அதைத் தன் பக்கத்தில் காலியாக வைத்தாள். ரயிலில் வரும்போது கற்றுக்கொண்ட அரைகுறை போலிஷில் சொன்னாள்:

“அம்மா, இது வரப்போறவங்களுக்கு. நான்தான் வந்தாச்சே.”

கசிமிர் போகுமிலா பக்கம் திரும்பினார். “அம்மணி, நட்சத்திரத்தை அடிச்சுடலாமா?”

“அடிச்சுத் தொலையுமேன்யா!” என்றாள் போகுமிலா. அழுதுகொண்டே மருமகளுக்குத்தான் முதலில் ஊற்றினாள்.