இரண்டு வரைபடத்திலும் இல்லாத தெரு

அரசாங்க நில அளவை அலுவலகமும் ஒரு தனியார் வரைபடக் கம்பெனியும் ஊருக்கு ஒரே வரைபடம் போடச் சேர்ந்து நடத்திய கூட்டு ஆராய்ச்சிக்கு முக்கியமான விதி ஒன்றுதான். இருவர் வரைபடமும் முரண்பட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் போக வேண்டாம். விதியை எழுதியவர் அலுவலகத்தின் தலைமை அதிகாரி. அலைச்சல் மிச்சம் என்று எல்லோரும் கைதட்டினார்கள்.

அலுவலகத்துக்குப் பின்னால் ஊழியர் குடியிருப்பு. அங்கேதான் அவரும் அவருடைய மூச்சிரைப்புக்கார அப்பாவும். ஊரையெல்லாம் அளந்த அலுவலகம், நம்ம இடம்தானே, எங்கே ஓடிவிடப்போகிறது என்று தன் குடியிருப்பை மட்டும் வெற்றிடமாக விட்டிருந்தது. கம்பெனியோ அந்தப் பக்கத்தை அரசாங்க வரைபடத்தைப் பார்த்தே போட்டிருந்தது. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

ஒருநாள் காலை அப்பாவுக்கு மூச்சு முட்டியது. அதிகாரி ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டார்.

“அந்தத் தெரு மேப்ல வரலையே சார். இல்லாத இடத்துக்கு எப்படி வண்டி அனுப்புறது?” என்றாள் எதிர்முனைப் பெண். “இது கவர்மென்டும் கம்பெனியும் சேர்ந்து போட்ட மேப் சார். தப்பே இருக்காது.”

பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிப் போனதால் அப்பா பிழைத்தார். மறுநாள் அதிகாரி நேராகக் கம்பெனி இன்ஜினியரம்மாவிடம் போய் நின்றார்.

“உங்க மேப்ல எங்க தெருவைப் போட்டுடுங்கம்மா.”

“உங்க மேப்ல இல்லையே சார். முரண்பாடு வந்துடும்.”

“வரட்டுமே. அப்பதானே நேர்ல வந்து பார்ப்பாங்க.”

“இவ்வளவு நாள் ஏன் போடலைன்னு எங்களைக் கேப்பாங்க. நீங்களே போட்டுக்குங்க சார்,” என்று அவள் நழுவினாள்.

பெற்ற அப்பனா பேரா என்று வந்தபின் பேராவது ஒன்றாவது! அலுவலக வரைபடத்தில் தன் கையாலேயே தெருவைப் போட்டார். முரண்பாடு வந்தது. நடுநிலை வேண்டுமென்று வெளியூரிலிருந்து ஓர் ஆய்வுக் குழுவும் வந்தது.

குழு கூட்டு வரைபடம் காட்டிய வழியே போனது. வழி குடியிருப்பின் பின்சுவரோடு நின்றது. வண்டியை விட்டு ஒருவரும் இறங்கவில்லை. அப்படி ஒரு தெரு இல்லை என்று அறிக்கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அங்கே குடும்பம் குடும்பமாகக் குடியிருக்கிறோம் என்று அதிகாரி தொண்டை கிழியச் சொல்லிப் பார்த்தார். குழுவின் முடிவே இறுதி என்று விதியில் சேர்த்தவரும் அவர்தான். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவர் யாரிடம் போய் முறையிடுவார்?

“பாத்தீங்களா சார், நம்ம ஆராய்ச்சி இல்லேன்னா உங்க மேப்ல இருந்த தப்பு தெரியாமலே போயிருக்கும்,” என்றாள் இன்ஜினியரம்மா. தெரு அழிக்கப்பட்டது.

அடுத்த முறை மூச்சு முட்டியபோது பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அதிகாரி அப்பாவை முதுகில் தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்கு நடந்தார்.

“எங்கடா கொண்டுபோறே?”

“மேப்ல இருக்கிற இடத்துக்குப்பா.”

சாலைக்கு வந்து போன் போட்டதும் வண்டி வந்துவிட்டது.

“எவ்வளவு சீக்கிரம் வந்தோம் பாத்தீங்களா சார்? எல்லாம் புது மேப்தான்,” என்றார் டிரைவர் பெருமையாக.

அப்பாவை இறக்கிப் படுக்கவைத்தபோதுதான், முதுகில் கேட்டுக்கொண்டிருந்த இரைப்பு எப்போதோ நின்றுபோயிருந்தது அதிகாரிக்கு உறைத்தது.