ஆயிரத்துக்குக் கால் அங்குலம்

வங்கி ஜெயபாலனிடமிருந்து முதலில் எடுத்துக்கொண்ட கட்டணம் முக்கால் அங்குலம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அவர் ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டில் தொழிற்சாலை பஸ்ஸை நிறுத்திவிட்டு டயரில் காற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரத்தில் சென்னையில் அவர் மனைவி சாந்தினி, மருத்துவமனைக் கவுண்டரில் மூவாயிரம் ரிங்கிட்டுக்கு அவருடைய அட்டையைத் தேய்த்தாள். வலி ஒன்றும் இல்லை. கால்சட்டையின் ஓரம் செருப்பின் மேல் இறங்கியது, அவ்வளவுதான். குனிந்து அதை ஒரு மடிப்பு மடித்துவிட்டு அடுத்த டயருக்குப் போனார்.

அவர்களுடைய மகள் தினேஸ்வரிக்கு அப்போது ஏழு வயது. பிறந்ததிலிருந்து அவள் உடம்பில் ரத்தம் தங்கவில்லை. மாதத்துக்கு ஒருமுறை ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றிக்கொண்டு வருவார்கள். இரண்டு வாரம் ஓடியாடுவாள், மூன்றாவது வாரம் படுத்துக்கொள்வாள். தாயின் எலும்பு மஜ்ஜை பாதி பொருந்துகிறது, சென்னையில் மாற்றிவைக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஜெயபாலன் கோப்பெங்கில் இருந்த மனையை விற்றார். ரப்பர் தோட்டத்தை விற்றவர்கள் அங்கே வேலை செய்த அவர் அப்பாவுக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டில் வாங்கிப் போட்ட மனை அது. சேமநிதியிலிருந்து எடுத்தார். கோயிலில் உண்டியல் வைத்தார்கள், பள்ளியில் நாசிலெமாக் சோறு விற்றுக் கொடுத்தார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து இருநூறு ரிங்கிட் அவருடைய வங்கிக் கணக்கில் ஏறியது. மருத்துவமனையின் மதிப்பீட்டோடு அறை வாடகையும் சாப்பாடும் கூட்டினால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது.

அந்தக் கணக்கை அவர் தொடங்கியதே அதன் சலுகைகளுக்காகத்தான். ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு ஐம்பது ரிங்கிட், வருஷத்துக்கு ஒரு குடை, வெளிநாட்டில் அட்டையைத் தேய்த்தால் கட்டணம் கிடையாது. விமான டிக்கெட் எடுத்த வாரமே வங்கியிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து சலுகைகள் இல்லை. கீழே மூன்று பெட்டிகள் போட்டு, ஒன்றில் அடையாளமிடச் சொல்லியிருந்தார்கள். ஐம்பதாயிரத்தைத் தொடாமல் கணக்கிலேயே வைத்திருந்தால் கட்டணம் இல்லை. இது முதல் பெட்டி. செலவில் நூற்றுக்கு ஐந்து, பணமாக, இது இரண்டாவது. மூன்றாவது பெட்டியில், கட்டணம் கணக்கிலிருந்து எடுக்கப்படாது, கணக்கு வைத்திருப்பவரிடமிருந்தே எடுக்கப்படும் என்று மலாய் மொழியில் அச்சிட்டிருந்தது. அவர் கடிதத்தோடு ஈப்போ கிளைக்குப் போனார். கவுண்டரில் இஃபத் என்ற பெண் இருந்தாள்.

"மூணாவது பெட்டின்னா என்னாமா எடுப்பீங்க?"

"உசரம்ணே. ஆயிரம் வெள்ளிக்குக் கால் இஞ்சி. கார்டைத் தேய்ச்சாதான் அந்த ரேட்டு. மெஷின்ல காசா எடுத்தா டபுள்."

"அப்புறம் வளருமா?"

"வளராதுண்ணே." வரிசை எண்ணைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். பிறகு கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவரை ஒருமுறை தலை முதல் கால் வரை பார்த்தாள். "நீங்க உசரமாத்தானே இருக்கீங்க" என்றாள்.

ஐந்தடி எட்டங்குலம் இருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பணமாகக் கொடுத்தால் ஐயாயிரத்து ஐந்நூறு. கேட்கக்கூடியவர்களிடமெல்லாம் கேட்டாகிவிட்டது; சிலரிடம் இரண்டு முறை. உயரமாகக் கொடுத்தால் இருபத்தேழரை அங்குலம். பேனாவை வாங்கி மூன்றாவது பெட்டியில் அடையாளமிட்டார்.

அந்த ஆண்டு பேராக் மாநிலத்தில் குறைந்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. காம்பாரில் மகனை எகிப்தில் டாக்டருக்குப் படிக்கவைத்த ஒரு வாத்தியார் பலகையின் கீழ்ப்பாதியில் மட்டும் எழுதத் தொடங்கினார். ஈப்போ தையல்காரர்கள் கால்சட்டை குறைக்க வாங்கிய ஐந்து ரிங்கிட்டை ஏழாக்கினார்கள். ஜெயபாலன் முதல் மாதம் இரண்டரை அங்குலம் குறைந்தார், அடுத்த மாதம் நான்கு. பரிசோதனைகள், மருந்து, இரண்டு முறை காய்ச்சல், தனி அறை. சென்னையில் என்ன நடக்கிறது என்று சாந்தினி கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். விடியற்காலையில் பஸ் ஓட்டும்போது திடீரென்று ஸ்டியரிங் உயர்ந்தால், பிள்ளைக்கு இரவு முடியாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ஓரமாக நிறுத்தி, பின்னால் இருக்கும் பெண்கள் பார்க்காதபடி முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கையை முன்னால் தள்ளிப்போட்டு மறுபடி எடுப்பார். பிரேக்கில் ரப்பர் கட்டையைக் கட்டினார். முதுகுக்குத் தலையணை வைத்தார். நான்கடி ஏழங்குலத்துக்கு வந்த அன்று முதலாளி மகேந்திரன் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "கோவிச்சுக்காத ஜெயா, நாப்பது பேர் உசுரு லா" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜெயபாலன் பேருந்து நிலையம் வரைக்கும் நடந்து வந்தார். இரண்டு கிலோமீட்டர் தூரம், முன்னைவிட இருமடங்கு நேரமானது.

மனைவியிடம் அவர் இதில் ஒன்றையும் சொல்லியிருக்கவில்லை. வீடியோவில் பேசும்போது போனை முகத்தோடு ஒட்டி வைத்துக்கொள்வார். கண்டுபிடித்தது தினேஸ்வரிதான். மொட்டைத் தலையோடு படுக்கையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தவள், "ப்பா, நம்ம வீட்டுக் காலண்டர் ஏன் மேல போயிருச்சு?" என்று கேட்டாள்.

அவர் எல்லாவற்றையும் சொல்லவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து சாந்தினி அட்டையைத் தொடவில்லை. பதினோரு நாள். அறையைக் காலிசெய்துவிட்டு மருத்துவமனை வராந்தாவில் படுத்தாள்; வளையலை விற்றுச் சாப்பிட்டாள். லகாட்டில் ஜெயபாலன் தினமும் காலையில் கதவு நிலையோடு ஒட்டி நின்று பார்த்தார். ஒரு நூல்கூடக் குறையவில்லை. அதுதான் அவரை நடுங்கவைத்தது. மஜ்ஜை மாற்ற நாற்பத்தெட்டாயிரம் முன்பணம் கட்டவேண்டிய கெடு வெள்ளிக்கிழமை. கட்டாவிட்டால் அந்தப் படுக்கை வரிசையில் அடுத்த பிள்ளைக்குப் போகும். புதன்கிழமை அவர் வங்கிக்கு ஓடி, அடையாளத்தை இரண்டாவது பெட்டிக்கு மாற்றிக்கொடுங்கள், பணத்துக்கு எப்படியாவது வழி பண்ணுகிறேன் என்று கெஞ்சினார். மாற்றலாம், ஆனால் மாற்றம் நடைமுறைக்கு வர மூன்று மாதம் ஆகும் என்றாள் இஃபத். அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்து அழுதார். கால் தரைக்கு எட்டவில்லை. யாரோ பிள்ளை தொலைந்துவிட்டது என்று நினைத்துக் காவலாளியைக் கூப்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாந்தினியைக் கூப்பிட்டார்.

"கவுண்டர் எத்தன மணிக்கு மூடுவாங்க?"

"உங்களக் கரைச்சு நான் புள்ளயக் காப்பாத்தணுமா? எனக்கு முடியாதுங்க."

"நான் கரையல சாந்தி. கொறையறேன். ரெண்டும் வேற."

"ஒரே அடியா ஒரு அடி போயிரும். உள்ள இருக்கறதுக்கெல்லாம் இடம் பத்துமா? நெஞ்சு, கொடலு..."

"காம்பார்ல ஒரு வாத்தியாரு, அவருக்குப் பத்துச்சே. நடக்குறாரு, சாப்புடுறாரு."

அவளுக்குப் பின்னால் யாரோ தெலுங்கில் பெயர் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"எனக்கு என்னா பயம் தெரியுமா?" என்றார் ஜெயபாலன். "நான் இதே உசரத்துல நின்னுட்டு, நீ தனியா வந்து ஏர்போர்ட்ல எறங்குறது. அத மட்டும் என்னால பாக்க முடியாது. தேய்ச்சுரு. போன வைக்காத, நான் லைன்லயே இருக்கேன்."

சொல்லிவிட்டுக் கூடத்தில் பாயை விரித்துப் படுத்தார். நின்றுகொண்டே ஓரடி குறைந்தால் விழுந்துவிடுவோமோ என்று பயந்தார். போனில் அவள் செருப்புச் சத்தம், கவுண்டர் ஆள் தொகையைச் சொல்வது, ரகசிய எண்ணின் நான்கு பொத்தான்கள், எல்லாம் கேட்டன. கால்கள் பாய்மேல் வழுக்கிக்கொண்டு மேலே வந்தன. காதுக்குள் காற்றுப் போவதுபோல ஒரு சத்தம், பிறகு அதுவும் நின்றது. நெஞ்சில் கை வைத்துப் பார்த்தார். வழக்கத்தைவிட வேகமாக அடித்தது, ஆனால் அடித்தது.

"என்னங்க... இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றார். குரல் மாறவில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அந்தப் பக்கம் சாந்தினி கவுண்டரின் கீழேயே உட்கார்ந்துவிட்டாள்.

மஜ்ஜை ஒட்டிக்கொள்ள நாற்பது நாள் ஆனது. நூறு நாள் வரைக்கும் அங்கேயே வைத்திருந்தார்கள். மீதி இரண்டரை அங்குலமும் மருந்துக்குப் போனது. தாயும் மகளும் திரும்பி வந்தபோது ஜெயபாலன் பள்ளிப் பிள்ளைகளின் சட்டை போட்டுக்கொண்டு, மீசையைச் செதுக்கிவிட்டு, ஈப்போவின் அமான்ஜெயா பேருந்து நிலையத்தில் காத்திருந்தார். ஏர்போர்ட் பஸ்ஸிலிருந்து இறங்கிய சாந்தினி கூட்டத்தில் தலைகளுக்கு மேலே தேடினாள். தினேஸ்வரி அங்கே தேடவில்லை. நேராகப் பார்த்தாள், "ப்பா" என்று ஓடினாள். ரத்தம் ஊறிய கன்னம் அவளுக்கு. இரண்டு பேரும் கட்டிக்கொண்டு நின்றபோது யார் பிள்ளை என்று தெரியவில்லை. சாந்தினி பக்கத்தில் வந்து, சிமெண்டுத் தரையில் முட்டி போட்டு, அவர் தோளையும் கையையும் விரல்களையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். 

அடுத்த மாதம் வங்கி, விசுவாசமான வாடிக்கையாளர் என்று ஒரு குடை அனுப்பியது. சாந்தினி பஸ் லைசன்ஸுக்குப் படித்து இரண்டாவது முறையில் தேறினாள். மகேந்திரன் அவளிடம் அதே பஸ்ஸின் சாவியைக் கொடுத்தார். காலை ஐந்தேகாலுக்கு லகாட்டிலிருந்து அவள் வண்டியை எடுக்கிறாள். ஜெயபாலன் அவளுக்கு நேர் பின்னால் உள்ள இருக்கையில் நின்றபடி, "எடது பக்கம் லாரி", "மெதுவா, ரோடு ஈரம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார். ஏறும் பெண்கள் இரண்டு பேருக்கும் வணக்கம் சொல்கிறார்கள். அவருக்குச் சொல்லும்போது மட்டும் சற்றுக் குனிகிறார்கள்.